நீரின் வழியை முதலில் வரையுங்கள்: தோட்டங்களையும் மழைநீரையும் மையமாக வைத்து ஒரு புதிய குடியிருப்பை அமைத்தல்

பெரும்பாலான மனைப்பிரிவு வரைபடங்கள் சாலையில் தொடங்குகின்றன. நிலத்தின் நடுவே நேர்க்கோட்டில் சாலை, இருபுறமும் ஒரே அளவில் மனைகள், எதற்கும் உதவாமல் மிஞ்சிய மூலையில் பூங்கா, எல்லாம் முடிந்தபின் மழைநீரை வெளியே தள்ளக் குழாய் என்று வேலை நடக்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் நீரின் வழியையும் அடுத்துத் தோட்டத்தையும் பிறகு சாலையையும் கடைசியாக வீட்டையும் வரைய வேண்டும். பழைய வரிசையிலேயே வரைந்துவிட்டு இறுதியில் சேர்க்கப்படும் மழைத்தோட்டங்கள், அதாவது மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் ஆழமற்ற செடிக்குழிகள், பெரும்பாலும் மேட்டில் அமைந்து, கூரைநீரும் சாலைநீரும் எட்டாமல் வெறும் அலங்காரமாக நின்றுவிடும்.

ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளை அரை மீட்டர் உயர இடைவெளியில் காட்டும் நில அளவை வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நல்ல மழை பெய்யும்போதே நிலத்தை ஒரு முறை நடந்து பாருங்கள். நீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எந்த இடத்தில் நிலத்தைவிட்டு வெளியேறுகிறது என்பவற்றை வரைபடத்தில் குறியுங்கள். மேல்பக்கத்து நிலங்களிலிருந்து வரும் நீரைக் கணக்கில் சேர்க்க மறப்பவர் பலர். அதன் பாதையை வீடுகளால் அடைத்துவிட்டால், பின்னர் எத்தனை தோட்டம் அமைத்தாலும் வெள்ளத்தைத் தடுக்க முடியாது. வளர்ந்த மரங்களையும் இதே நடையில் குறித்துவிடுங்கள்.

அடுத்தது மண். தோட்டக்குழி வரக்கூடிய ஒவ்வோர் இடத்திலும், அதன் அடிமட்டம் வரும் ஆழத்துக்கு ஒரு சிறு குழி தோண்டுங்கள். களிமண்ணில் மண்வெட்டி பட்ட பக்கங்கள் மெழுகியதுபோல் வழவழப்பாகி நீர்க்கசிவை அடைத்துவிடும் என்பதால், சுவரையும் அடியையும் லேசாகச் சுரண்டிவிட வேண்டும். குழியை நீரால் நிரப்பி முழுவதும் வடியவிட்டு, மறுபடியும் நிரப்புங்கள். முதல் முறை வறண்ட மண் நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் இரண்டாம் முறையின் அளவே நம்பத்தக்கது. அளவு குறித்த குச்சி ஒன்றை நட்டு, மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு ஒன்றரை சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கினால் எளிய மழைத்தோட்டம் போதும். அதைவிடக் குறைவாக இருந்தால் அடியில் சரளைக்கல்லும் துளைக்குழாயும் இட்டு மிஞ்சும் நீரை வெளியேற்ற வழி செய்ய வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் குழியின் அடிக்கு ஒரு மீட்டருக்குள் ஏறிவரும் இடங்களைத் தவிர்த்துவிடுவது நல்லது.

நீரின் கணக்கு மிக எளியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். ஆகவே 150 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3,750 லிட்டர். நனைதலுக்கும் சிதறலுக்கும் கழித்தால் ஏறத்தாழ 3,300 லிட்டர் குழாய்வழி இறங்கும். தொட்டியில் 1,000 லிட்டரைப் பிடித்துவிட்டால் மிச்சம் 2,300 லிட்டர். 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள மழைத்தோட்டம் சதுர மீட்டருக்கு 150 லிட்டரைத் தாங்கும் என்பதால், 16 சதுர மீட்டர் தோட்டம் அந்த மழையை ஒரு சொட்டும் வெளியே விடாமல் ஏற்றுக்கொள்ளும். மழை பெய்யும்போதே மண்ணுக்குள் இறங்கும் நீரை நான் இதில் சேர்க்கவில்லை; அது உங்கள் பாதுகாப்பு இருப்பாக இருக்கட்டும். இதே கணக்கைச் சாலைக்கும் நடைபாதைக்கும் தனித்தனியே போடுங்கள்.

இனி வரையலாம். நிலத்தின் தாழ்ந்த கோடுகளை எந்த மனைக்கும் கொடுக்காமல் பொதுத்தோட்டமாக ஒதுக்குங்கள். இந்தத் திட்டத்தின் முதுகெலும்பு அதுதான். அதன் நடுவே புல்லும் செடிகளும் கொண்ட ஆழமற்ற வாய்க்கால் ஓடட்டும். நீளவாட்டில் நூறு மீட்டருக்கு ஒன்று முதல் மூன்று மீட்டர் வரை சரிவு, பக்கங்களில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு மூன்று மீட்டர் அகலம் என்ற சாய்வு இருந்தால் மண் அரிக்காது, குழந்தைகளும் எளிதாக இறங்கி ஏறுவார்கள். சரிவு கூடும் இடங்களில் குறுக்கே சிறு கல்வரப்புகளை வைத்தால் நீர் படிப்படியாகத் தங்கிச் செல்லும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டேவிஸ் நகரிலுள்ள வில்லேஜ் ஹோம்ஸ் இதற்கு நல்ல சான்று. 1970களின் நடுப்பகுதியில் மைக்கேல் கார்பெட், ஜூடி கார்பெட் இணையர் தொடங்கிய அந்தக் குடியிருப்பில், ஏறத்தாழ 240 வீடுகள் குறுகிய சாலைகளையும், பழமரங்கள் நிறைந்த பொதுநிலத்தையும், திறந்த நீர்வழிகளையும் பகிர்ந்துகொள்கின்றன. நிலத்தடிக் குழாய்களுக்குப் பதிலாகத் திறந்த வாய்க்கால்களா என்று தொடக்கத்தில் ஐயம் எழுந்தது. ஆனால் அந்த வாய்க்கால்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

சாலை எவ்வளவு குறுகலோ, அதிலிருந்து வழிந்தோடும் நீரும் அவ்வளவு குறைவு. தீயணைப்பு வண்டிக்குத் தேவையான அகலத்துக்கு மேல் ஒரு மீட்டரும் கூட்டாதீர்கள். நடுமேடாக இடாமல் தோட்டப்பக்கம் சாய்வாக இட்டு, ஓரக்கல்லில் நீர் தோட்டத்துக்குள் நுழையும் வாய்களாக இடைவெளிகள் விடுங்கள். இந்த இடைவெளியில்தான் நல்ல திட்டங்களும் தோற்றுப்போகின்றன. சாலையின் விளிம்பும் தோட்டமண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தால், ஓரிரு பருவங்களில் வண்டலும் புல்லும் சேர்ந்து அந்த வாயின் குறுக்கே ஒரு சிறு மேடு எழும். பிறகு நீர் அதைத் தாண்டாமல் ஓரமாகவே ஓடிவிடும். ஆகவே வாயின் உட்புறம் சாலையைவிட ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அங்கே ஒரு கல்தளம் பதித்து, வண்டல் அதன்மேல் படிந்து மண்வெட்டியால் அள்ள ஏற்றதாக வைத்துவிடுங்கள்.

சாதாரண மழைக்கு மேல் பெருமழையும் வரும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் மிகைநீர் வழிந்து வெளியேற ஒரு கலிங்கு வேண்டும். அதன்வழி வழியும் நீர் அடுத்த தோட்டத்துக்கும், கடைசியில் நிலத்தின் இயல்பான வெளியேறு புள்ளிக்கும் போகவேண்டும். எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் எந்த மட்டத்தில் ஓடும் என்று பொறியாளரைக் கொண்டு கணக்கிட்டு, வீட்டுத் தளங்களை அதற்கு மேலே உயர்த்துங்கள். கடைக்காலிலிருந்து மழைத்தோட்டம் குறைந்தது மூன்று மீட்டர் தள்ளியிருக்கட்டும்.

செடிகளைத் தேர்வதில் ஒரே விதி: குழியின் அடியில் நிற்பவை சில மணிநேர வெள்ளத்தையும் பல வார வறட்சியையும் தாங்க வேண்டும். அப்பகுதியின் ஓடைக்கரைகளில் தானே வளரும் ஆழவேர்ச் செடிகள் பெரும்பாலும் இதற்கு ஏற்றவை. காய்கறிப் பாத்திகளைச் சாலைநீர் வரும் குழிகளில் வைக்காமல், மேட்டில் அமைத்துக் கூரைநீரால் வளர்க்க வேண்டும், ஏனெனில் வண்டிகளின் எண்ணெயும் உலோகத்துகளும் சாலைநீரில் கலந்து வரும். கொசுவைப் பற்றிய அச்சம் நியாயமானதே. முட்டையிலிருந்து கொசுவாக வளர அதற்குப் பொதுவாக ஒரு வாரம் அளவுக்குத் தேங்கிய நீர் தேவைப்படும் என்பதால், 48 மணிநேரத்துக்குள் வடியும் குழியில் அது பெருகாது.

கட்டுமானக் காலத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். கனரக வண்டிகள் சில முறை ஏறி இறங்கினாலே மண் இறுகி, நீங்கள் அளந்த கசிவு பெருமளவு குறைந்துவிடும். முதல் லாரி வருவதற்கு முன்பே தோட்டப் பகுதிகளைச் சுற்றி வேலியிட்டு, அங்கே செங்கல்லோ மணலோ இறக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். மழைத்தோட்டத்தின் இறுதித் தோண்டலை, மேல்பக்கத்து மண்ணெல்லாம் புல்லால் மூடிய பிறகே செய்யுங்கள். இல்லையெனில் கட்டடச் சேறு அதன் அடியில் படிந்து துளைகளை அடைத்துவிடும்.

ஸ்வீடனின் மால்மோ நகரிலுள்ள ஔகுஸ்டன்போர்க் பகுதியில், கட்டி முடித்துப் பல பத்தாண்டுகள் கழிந்த பின், 1990களின் இறுதியில்தான் திறந்த வாய்க்கால்களும் குளங்களும் செடிகள் வளரும் பசுங்கூரைகளும் அமைக்கத் தொடங்கினார்கள். ஏற்கெனவே எழுந்த கட்டடங்களுக்கு நடுவே இடம் தேடிச் செய்ய வேண்டிய அந்த வேலை, வெறும் நிலத்தில் தொடங்கும் உங்களுக்கு எளிது. உங்கள் வாய்க்கால்களையும் தோட்டங்களையும் பேணுவதற்கான ஏற்பாட்டையும் இப்போதே செய்துவிடுங்கள். வாய்க்கால் செல்லும் பகுதியில் சுவர் எழுப்பவோ மண் நிரப்பவோ கூடாது என்பதை மனைப்பத்திரத்தில் சேர்க்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் வாய்களைத் துப்புரவு செய்யவும் வண்டல் அள்ளவும் பொதுநிதி ஒன்றை வைக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டையும் ஒப்படைக்கும்போது, அந்த வீட்டுக் கூரைநீர் எந்தத் தொட்டி, எந்தத் தோட்டம், எந்தக் கலிங்கு வழியாகப் போகிறது என்று காட்டும் வரைபடத்தைச் சாவியோடு சேர்த்துக் கொடுங்கள்.