தொட்டாலே துடிக்கும் குழந்தையை அன்றாடம் கவனித்துக்கொள்வது எப்படி?

தலையில் தண்ணீர் விழுந்தவுடன் அலறுகிற, காலுறையின் தையல் உறுத்துகிறது என்று அதைக் கழற்றி எறிகிற, கழிப்பறையில் ஃபிளஷ் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற குழந்தையைப் பார்ப்பவர்கள் அதை அடம் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நமக்கு ஒரு பொருட்டாகவே தோன்றாத தொடுகையும் ஒலியும் அக்குழந்தைக்குத் தாங்க முடியாத அளவில் போய்ச் சேர்கின்றன. இந்தக் கோணத்தில் முதலில் ஆராய்ந்தவர் ஏ. ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர். ஐம்புலன்களோடு, உள்காது தரும் சமநிலை உணர்வையும் தசைகளும் மூட்டுகளும் தரும் உடல்நிலை உணர்வையும் மூளை எப்படி ஒருங்கிணைக்கிறது என்பதை அவர் 1972இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆயினும் 2013இல் வெளிவந்த டிஎஸ்எம்-5 என்னும் மனநல நோய்கண்டறிதல் கையேட்டில் இந்தப் புலன் ஒருங்கிணைப்புச் சிக்கல் தனி நோயாக இடம்பெறவில்லை. ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக மட்டுமே புலன் மிகையுணர்வும் குறையுணர்வும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே பெயரைத் தேடி அலைவதைவிட, எது குழந்தையை வதைக்கிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

அதற்கு இரண்டு வாரங்கள் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அழுகை எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன் உடலில் என்ன பட்டது, சுற்றிலும் என்ன சத்தம் இருந்தது, தூக்கமும் பசியும் எப்படி இருந்தன, அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்பவை போதும். இதற்கிடையில் காது, கண், பல், தோல் ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காதில் சீழ் வைத்திருக்கும் குழந்தையும் தலைகுளிக்க மறுக்கும். தோலில் கரப்பான் உள்ள குழந்தையும் சட்டையைக் கழற்றி எறியும்.

தொடுதலில் ஒன்றை நினைவில் வைத்தால் பாதிச் சிக்கல் குறையும். இத்தகைய குழந்தைகள் பலருக்கு வருடுவதுபோன்ற மெல்லிய தொடுகைதான் எரிச்சலூட்டுகிறது. உள்ளங்கை முழுவதும் பதிய அழுத்திப் பிடிப்பது ஆறுதல் தருகிறது. பின்னாலிருந்து திடீரென்று தொடாமல், முன்னால் வந்து சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

தலைகுளியலில் குழந்தை எதற்கு அழுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தண்ணீருக்கு அஞ்சுவதாக நாம் நினைத்திருப்போம். ஆனால் தலையைப் பின்னால் சாய்க்கும்போது சமநிலை குலைந்து, விழுந்துவிடுவோம் என்று அது பதறியிருக்கலாம். அப்படியானால் பிடரியைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள், அல்லது மடித்த துணியைக் கண்களில் வைத்துக்கொண்டு முன்னால் குனியச் செய்யுங்கள். ஷவரின் சிறுதுளிகள் ஊசிபோல் குத்துகின்றன என்றால் குவளையில் ஊற்றலாம். முடிந்தவரை அந்தக் குவளை குழந்தையின் கையிலேயே இருக்கட்டும். "பத்து எண்ணியதும் நிறுத்துகிறேன்" என்று சொன்னால் பத்தில் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம்தானே என்று பதினைந்து வரை போனால் மறுமுறை அந்த எண்ணிக்கையை அது நம்பாது. குளித்து முடித்ததும் துண்டால் தேய்க்காமல், இறுகச் சுற்றி ஒற்றியெடுங்கள்.

முடிவெட்டும்போது காதருகே இரையும் மெஷினைத் தவிர்த்துக் கத்தரிக்கோலையே பயன்படுத்துங்கள். கழுத்தில் விழும் முடித்துணுக்குகளை அவ்வப்போது துடைத்து, முடிந்ததும் வேறு சட்டை மாற்றுங்கள். ஒரே நாளில் முழுத்தலையையும் வெட்டியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நகத்தைக் குளித்தபின் அது மென்மையாக இருக்கும்போது வெட்டலாம். உடையின் உட்புறத்தில் இருக்கும் லேபிளைக் கத்தரித்தால் மிஞ்சும் முனை முன்னிலும் அதிகமாகக் குத்தும். தையலைப் பிரித்து முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். காலுறையை உள்புறம் வெளியே வருமாறு மாட்டிவிடலாம். ஒத்துக்கொண்ட உடை கிடைத்தால் அடுத்த அளவிலும் ஒன்று வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

சத்தத்துக்கு முன்னறிவிப்பே சிறந்த மருந்து. இயந்திரத்தை இயக்கும் பொத்தானைக் குழந்தையையே அழுத்தச் சொன்னால், அதே சத்தம் பாதியாகக் குறைந்ததுபோல் ஆகிவிடுகிறது. ஒலி தடுக்கும் காதுமூடிகளைக் கூட்டமான இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் மாட்டியிருந்தால் சாதாரண ஒலிகூடக் கூசத் தொடங்கலாம்.

இதற்கு நேரெதிராக, ஓயாமல் குதித்து, மோதி, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களை உட்காரச் சொல்லும் முன் கனமான கூடையைத் தள்ளவோ படியேறவோ விடுங்கள். வலி உறைக்காத குழந்தையாக இருந்தால் காயங்களையும் குளியல் நீரின் சூட்டையும் நீங்களே சரிபார்க்க வேண்டும். உடலை அழுத்தி ஆறுதல் தருவதற்காக உள்ளே எடை வைத்துத் தைத்த போர்வையைக் கைக்குழந்தைகளுக்கு ஒருபோதும் போர்த்தக் கூடாது. சிறு குழந்தைகளுக்கும் வல்லுநரின் ஆலோசனை இல்லாமல் வேண்டாம்.

எல்லாம் மீறி வெடித்துவிட்டால் பேச்சைக் குறையுங்கள், விளக்கைத் தணியுங்கள், ஆபத்து இருந்தாலொழிய பிடித்து நிறுத்தாதீர்கள். இது அடமா, தாங்கமுடியாமையா என்று அந்த நேரத்தில் ஆராய்வதில் பயனில்லை. ஒன்றாகத் தொடங்கி மற்றொன்றாக முடிவதும் உண்டு. பழகட்டும் என்று வெறுக்கும் பொருளில் கையைப் பிடித்து அமுக்குவதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். பார்ப்பது, கரண்டியால் தொடுவது, ஒரு விரலால் தொடுவது என்று குழந்தையின் வேகத்திலேயே போக வேண்டும்.

உண்ணும் உணவுவகைகள் குறைந்துகொண்டே வந்தாலோ எடை ஏறாவிட்டாலோ, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டாலோ, வந்த பேச்சு நின்றுபோனாலோ காத்திருக்காமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ஊஞ்சல், தொடுகை, அழுத்தம் போன்றவற்றால் புலன்களைப் பழக்கும் புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சையின் பலனுக்கு ஆதாரம் இன்னும் குறைவாகவே உள்ளது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் கூறியது. ஆகவே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் சென்று, "அழாமல் தலைகுளிப்பது" போன்ற ஓர் அன்றாட இலக்கைச் சேர்ந்தே தீர்மானித்து, அது எட்டப்படுகிறதா என்று எந்தத் தேதியில் பார்ப்பது என்பதையும் முதல் நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.