பூட்ஸில் ஸ்டட் பதிக்கப் போகிறீர்களா? முதலில் உள்ளே கையை விட்டுப் பாருங்கள்

நான் முதன்முதலில் ஸ்டட் (அலங்கார உலோகக் குமிழ்) பதித்த கணுக்கால் பூட்ஸ், பார்க்க அருமையாகத்தான் இருந்தது. கறுப்புத் தோல். மேல் விளிம்பைச் சுற்றி இரண்டு வரிசையாக வெள்ளி நிறத்தில் குட்டிப் பிரமிடுகள். போட்டுக்கொண்டு பெருமையாகத் தெருமுனை வரை போனேன். வரும்போது நொண்டிக்கொண்டு வந்தேன். கழற்றிப் பார்த்தால் கணுக்கால் எலும்பின் மேல் வரிசையாக நான்கு சிவப்புக் கீறல்கள்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே செருப்பு தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளே விரலை விட்டுத் தடவினார். "மேல எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. உள்ள யாரு மூடுறது?" என்றார்.

அதற்கு அப்புறம் நாலைந்து ஜோடி செய்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு தப்பு. யோசித்துப் பார்த்தால் எல்லாம் அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்குள்ளேயே அடங்குகின்றன. நாம் பூட்ஸின் வெளிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வேலை செய்கிறோம். கால் இருப்பதோ உள்ளே.

ஸ்டட் வாங்குவதிலேயே முதல் தப்பு ஆரம்பிக்கிறது. பளபளப்பு, வடிவம், விலை இவற்றை மட்டும் பார்த்து ஒரு பாக்கெட்டை எடுத்துவிடுகிறோம். திருப்பிப் பார்ப்பதில்லை. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. அடியில் இரண்டோ நான்கோ கூரிய கால்கள் நீட்டிக்கொண்டிருப்பவை ஒன்று. அவற்றைத் தோலில் குத்தி, உள்பக்கம் மடக்க வேண்டும். இரண்டாவது, உள்பக்கத்திலிருந்து திருகாணி போட்டு இறுக்குபவை. கூரிய கூம்புகள் பெரும்பாலும் இந்த வகைதான். மூன்றாவது, தட்டையான அடியில் பசை தடவி ஒட்டுபவை. இவை சட்டைக்குச் சரி, பைக்குப் பரவாயில்லை. நடக்கிற காலில், பசையை மட்டும் நம்பி ஒட்டியது ரொம்ப நாள் தங்காது.

கால் வைத்த ஸ்டட்டாக இருந்தால் அந்தக் கால்களின் நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பூட்ஸின் மேல்தோல் பெரும்பாலும் ஒன்றரை மி.மீ. சுற்றுவட்டாரத்தில் இருக்கும். உள்ளே லைனிங் சேர்ந்தால் இரண்டிலிருந்து மூன்று மி.மீ. அதைத் தாண்டி மடக்குவதற்கு இன்னொரு மூன்று மி.மீ.யாவது வேண்டும். துணிக்கென்று வரும் குட்டைக்கால் ஸ்டட்டைப் பூட்ஸில் குத்தினால் நுனி மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கும். மடக்கவும் முடியாது, விடவும் முடியாது. முள் மாதிரி நிற்கும். என் கணுக்காலைக் கீறியது அதுதான்.

உலோகம் என்ன என்பதையும் கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்கே தெரியாது என்றால் ஒரு காந்தம் போதும். பலமாக ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம் மட்டும். ஸ்டட்டின் காலை மடக்கும்போது முலாம் சரியாக அந்த மடிப்பில்தான் விரிசல் விடும். அந்த இடம் காலுறையின் வியர்வையில் ஊறும். ஒரு மழைக்காலம் போனால் துருக்கறை தோலில் இறங்கிவிடும். அதை எடுப்பது பெரும்பாடு. பித்தளை துருப்பிடிக்காது. ஆனால் தோலில் உள்ள எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து சில மாதங்களில் ஓரத்தில் பச்சையாக மெழுகு போல ஒன்று கசியும். பயப்பட வேண்டாம், உலர்ந்த துணியால் துடைத்தால் போய்விடும்.

நிக்கல் முலாம் பூசிய ஸ்டட் இன்னொரு தொல்லை. கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கிறது என்கிற ஆட்கள் வீட்டுக்கு ஒருவராவது உண்டு. பல நேரம் அதற்குக் காரணம் நிக்கல்தான். தோலோடு நெடுநேரம் உரசும் பொருட்களிலிருந்து, ஒரு சதுர செ.மீ.க்கு வாரம் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பே வைத்திருக்கிறது. நாம் சில்லறையாக வாங்கும் பாக்கெட்டில் யாரும் இதையெல்லாம் சோதித்திருக்க மாட்டார்கள். காது அரிக்கும் என்றால் கணுக்காலும் அரிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கே பதிப்பது? அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்.

பூட்ஸைப் போட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்கி, விரல்களில் நில்லுங்கள். விரல்கள் மடங்கும் இடத்துக்கு நேர்மேலே தோலில் குறுக்காகச் சுருக்கம் விழும். அந்தப் பட்டையில் ஒரு ஸ்டட்கூட வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் தோல் அங்கே மடங்கி மடங்கி நிமிர்கிறது, ஸ்டட் மடங்காது. கொஞ்ச நாளில் துளை அகன்று ஸ்டட் கழன்று விழும், அல்லது அதன் கால் நிமிர்ந்து விரலைக் குத்தும். கணுக்காலுக்கு முன்புறம், பாதம் மேலே திரும்பும் வளைவும் இப்படித்தான்.

முன்நுனியும் குதிகாலும் வேறு கதை. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்கும். மேல்தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவில் வடிவம் குலையாமல் இருக்க ஒரு கெட்டி அட்டையோ பிளாஸ்டிக்கோ வைத்திருப்பார்கள். முன்னால் இருப்பதை டோ பஃப் என்றும், பின்னால் இருப்பதைக் கவுன்டர் என்றும் ஷூ கம்பெனிகளில் சொல்வார்கள். மெல்லிய கால் வைத்த ஸ்டட் அங்கே இறங்காது. சுத்தியலால் அடித்தால் கால்தான் கோணும். முன்நுனியில் இன்னொரு சிக்கல், அங்கே கையே போகாது. கை போகாத இடத்தில் எதை மடக்குவது? குதிகாலில் ஆசைப்பட்டால் துளையிட்டு, திருகு வகையைப் போடலாம். முன்நுனியை அப்படியே விட்டுவிடுவது புத்திசாலித்தனம். பைக் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: நம் ஊர் வண்டிகளில் கியர் இடது காலில். அந்தப் பக்கத்து முன்நுனியில் எதைப் பதித்தாலும் கியர் லீவர் அதைச் சுரண்டி எடுத்துவிடும்.

எலாஸ்டிக் வைத்த பூட்ஸில் அந்த எலாஸ்டிக்கைத் தொடாதீர்கள். ஜிப் ஓரத்தில் ஸ்டட்டின் காலும் ஜிப்பின் பல்லும் உரசாத அளவுக்கு இடம் விடுங்கள். தையல் மேல் குத்தினால் நூல் அறுந்து, ஒரு வாரத்தில் மூட்டுப் பிரியும். இரண்டு பாதங்களும் ஒன்றையொன்று பார்க்கும் உள்பக்கத்தைக் காலியாக விடுவதே நல்லது. நடக்கையில் ஒரு பூட்ஸ் இன்னொன்றைக் கீறும். புடவைக் கரையோ சல்வாரோ மாட்டினால் நூல் இழுபடும்.

மிச்சம் என்னதான் இருக்கிறது என்கிறீர்களா? வெளிப்பக்கக் கன்னம், மேல் விளிம்பைச் சுற்றிய பட்டை, பட்டையும் பக்கிளும் வைத்த பூட்ஸாக இருந்தால் அந்தப் பட்டை. அதுவே தாராளம். அதிலும் பக்கிள் பட்டை ரொம்ப வசதி. கழற்றி, மேசை மேல் வைத்து, நிதானமாகப் பதித்து, திரும்ப மாட்டிவிடலாம். 1970களின் நடுவில் லண்டன் கிங்ஸ் ரோட்டைச் சுற்றித் திரிந்த பங்க் இசைக் கூட்டத்து இளைஞர்கள் தோல் ஜாக்கெட்டுகளை ஸ்டட்டால் நிறைத்தார்கள். ஜாக்கெட்டை விரித்துப் போட்டு வேலை செய்யலாம், அதற்குள் உடம்பின் எடையும் இறங்குவதில்லை. அதைப் பார்த்துப் பூட்ஸையும் அப்படியே நிரப்ப ஆசைப்பட்டால் மாட்டிக்கொள்வோம்.

அடுத்தது இடைவெளி. துணியில் ஊசி குத்திய துளை துவைத்தால் மூடிக்கொள்ளும். தோலில் போட்ட துளை போட்டதுதான். நெருக்கமாக வரிசையாகத் துளை போட்டால் அஞ்சல்தலை ஓரம் மாதிரி ஆகிவிடும், அந்தக் கோட்டிலேயே கிழியும். விளிம்பிலிருந்து குறைந்தது 6 மி.மீ. தள்ளிப் போடுங்கள்.

எண்ணிக்கையை வாங்குவதற்கு முன்பே கணக்குப் போடுங்கள். என் பூட்ஸின் மேல் சுற்றளவு 27 செ.மீ. 10 மி.மீ. அகல ஸ்டட்டை நடுவுக்கு நடு 15 மி.மீ. வைத்தால் ஒரு வரிசைக்கு 18. இரண்டு வரிசை, இரண்டு பூட்ஸ், ஆக 72. ஸ்டட்டின் கால் உடைவது, கோணுவது எல்லாம் சேர்த்து 80 வாங்கினேன். சுற்றளவு சரியாக வகுபடாவிட்டால் மிச்சத்தைக் கடைசி இடைவெளியில் தள்ளாதீர்கள், அசிங்கமாகத் தெரியும். 26.3 செ.மீ. என்றால் இடைவெளியை 14.6 மி.மீ. ஆக்கிவிட்டால் அதே 18 அழகாக உட்காரும்.

குறி போடும்போது பேனா தோலில் படவே கூடாது. வெள்ளி மை பேனாவால் போட்ட புள்ளி இன்றைக்கும் என் இரண்டாவது ஜோடியில் இருக்கிறது. மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் மேல் குறியுங்கள். ஓர் ஓரத்தில் முதலில் சோதித்துவிட்டு ஒட்டுங்கள், சில தோல்களில் டேப்போடு சாயமும் உரிந்து வரும். காலை உள்ளே விட்டு, ஜிப்பைப் போட்ட பிறகு குறியுங்கள். காலியாக இருக்கும்போது நேராகத் தெரிந்த கோடு, கால் நுழைந்ததும் அலை அலையாகிவிடும். ஒரு பூட்ஸுக்குக் காகிதத்தில் மாதிரி வெட்டினால், மற்றதற்கு அதைத் திருப்பிப் போட வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைப்பீர்கள். எனக்கும் தெரியும். இருந்தும் இரண்டுக்கும் இடது கால் டிசைனையே போட்டேன்.

துளையிடுவதில் அவசரம் கூடாது. ஸ்டட்டை நேராக வைத்து ஓங்கி அடிப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அடித்தால் பிரமிடு நசுங்கும், கால் கோணும், தோல் குழிவிழும். ஸ்டட்டைக் கையால் லேசாக அழுத்தினாலே கால்களின் தடம் தோலில் விழும். அந்தத் தடங்களில் மட்டும் கூரிய கத்தி நுனியால் சின்னக் கீறல் போடுங்கள். கால் தட்டையாக இருப்பதால் அதற்கு வட்டத் துளை வேண்டாம், கீறல் போதும். திருகு வகைக்கு மட்டும் பஞ்ச் வைத்து வட்டத் துளை. தண்டைவிட ஒரு பொடி சின்னதாக. உள்ளே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுக்காமல் குத்தினால் கத்தி எதிர்ப்பக்கத்தையும் பதம் பார்க்கும், உங்கள் கையையும் பார்க்கும். வாங்கிய பூட்ஸில் பழகாதீர்கள். பழைய பெல்ட் போதும். சென்னையில் இருந்தால் பெரியமேட்டுத் தோல் கடைகளில் துண்டுத் தோல் கேட்டுப் பாருங்கள். தோல் மாதிரி இருக்கும் ரெக்சின் பூட்ஸ் என்றால் இந்த வேலையே வேண்டாம். மேலே பூசிய பிளாஸ்டிக் படலம் கீறலிலிருந்து உரியத் தொடங்கும்.

கால்களை மடக்கும்போது வெளிப்பக்கமாக விரிக்காமல் நடுவை நோக்கி மடக்குங்கள், நுனிகள் ஸ்டட்டின் அடிக்கே திரும்பிவிடும். மூக்கு நீண்ட குறடால் பாதி மடக்கி, ஒரு தடித்த கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேய்த்தால் படிந்து உட்காரும். இங்கே பொறுமை காட்டினால் பாதித் தொல்லை போச்சு.

மீதிப் பாதி லைனிங். முடிந்தால் மேல் விளிம்பில் லைனிங் தையலைக் கொஞ்சம் பிரித்து, ஸ்டட்டை மேல்தோலில் மட்டும் பதித்து, திரும்பத் தைத்துவிடுங்கள். கால்கள் இரண்டு தோலுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ளும். கையால் தைக்கத் தெரியாவிட்டால் செருப்பு தைப்பவரிடம் கொடுங்கள், சின்ன வேலைதான். பிரிக்க மனமில்லை என்றால், லைனிங்கையும் சேர்த்துக் குத்தி, மடக்கிய கால்களின் மேல் மெல்லிய தோல் பட்டை ஒன்றை ஒட்ட வேண்டும். அந்தப் பெரியவர் எனக்குச் செய்துகொடுத்தது இதுதான். வெறும் செல்லோ டேப் வியர்வையில் ஒரு நாள்கூட நிற்காது.

ஒட்டுவதற்கு அவர் எடுத்தது சொல்யூஷன் என்று அவர்கள் சொல்லும் ரப்பர் பசை. ஒரு சொட்டில் ஒட்டும் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகி, தோல் வளையும்போது நொறுங்கும். பருத்தித் துணியில் அது கொட்டினால் சூடாகிச் சுடவும் செய்யும், காலுறை போட்ட காலோடு விளையாட வேண்டாம். சொல்யூஷனை இரண்டு பரப்பிலும் மெல்லிசாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிட்டு "இந்தப் பசை மோசம்" என்று நானும் திட்டியிருக்கிறேன். ஒட்டும் இடத்தில் பழைய பாலிஷ் இருந்தால் பிடிக்காது. துடைத்து, உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் போட்டுப் பார்க்கத் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு பழைய நைலான் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு பூட்ஸுக்குள் விட்டு, எல்லாப் பக்கமும் மெதுவாகத் தடவுங்கள். விரலுக்குத் தெரியாத முள்ளை நைலான் பிடித்துக்கொள்ளும். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே குறடு.