வாய்விட்டு ஜெபிக்கும் பயம் தீர்ந்தது எப்படி? என் அனுபவம்

நாலு பேர் முன்னால் சத்தமாக ஜெபிப்பதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டு ஜெபக்கூட்டத்தில் போதகர் ஐயா என்னைக் கூப்பிட்டுவிடுவாரோ என்று கதவோரமாகவே உட்காருவேன்.

வேதாகமத்தில் யோசுவா 3-ம் அதிகாரம்தான் என்னை அசைத்தது. அறுப்புக்காலம், இஸ்ரவேலர் கடக்கவேண்டிய யோர்தான் ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்த ஆசாரியர்களின் கால் தண்ணீரின் ஓரத்தில் பட்ட பிறகுதான் ஆறு நின்றது, அதற்கு முன்பு அல்ல. நியாயாதிபதிகள் 6-ல் கிதியோனோ ஊராருக்குப் பயந்து, கர்த்தர் இடிக்கச் சொன்ன, பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் பலிபீடத்தை இரவில் இடித்தான். அதற்காகக் கர்த்தர் அவனைத் தள்ளிவிடவில்லை. எனக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

சரி, சின்னதாகத் தொடங்குவோம் என்று, 23-ம் சங்கீதத்தைத் தனியறையில் வாய்விட்டு வாசித்து, அதையே ஜெபமாக்கினேன். அப்புறம், மருத்துவமனையில் படுத்திருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம், “ஜெபிக்கட்டுமா அக்கா?” என்று கேட்டேன். டிரிப்ஸ் ஏறாத கையை நீட்டினார். என் குரல் நடுங்கியது, உள்ளங்கை வேர்த்தது, வார்த்தைகள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. ஆனால் அவர் சொன்ன “ஆமென்” அடுத்த கட்டில்வரை கேட்டது.

இப்போது கூட்டத்தில் கேட்டால் எழுந்து ஜெபிக்கிறேன். நடுக்கம் முழுதாகப் போகவில்லை. “பரம பிதாவே” என்று ஆரம்பித்ததும் அடங்குகிறது. என்னைப் போலப் பயப்படுகிறவர்கள் முதலில் ஒரு நோயாளியிடம் போங்கள். அங்கே யாரும் நம் பேச்சை எடைபோடுவதில்லை.