எல்லா ஆர்ஜிபியும் ஒரே மென்பொருளில்: முதலில் அடுப்பைப் பிரியுங்கள்

செட்டிநாட்டு வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைப்பார்கள்’. வீடு ஒன்றுதான், வளவும் பொதுதான். சமையல் மட்டும் புள்ளிக்குப் புள்ளி (கல்யாணமான தம்பதிக்குத் தம்பதி) தனி. ஒரே அடுப்பில் இருவர் கரண்டி போட்டால் என்ன ஆகும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். கணினி கேபினெட்டுக்குள் நடக்கும் ஆர்ஜிபி (நிறம் மாறும் லைட்) தகராறில் பெரும்பகுதி இந்தக் கரண்டிச் சண்டைதான்.

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ அசெம்பிள் செய்யும் கணினியில் ஆசஸ் போர்டு, கோர்செய்ர் ரேம், வேறொரு பிராண்டு ஃபேன் என்று கலந்து வருவது சகஜம். ஆசஸுக்கு ஆர்மரி கிரேட், கோர்செய்ருக்கு ஐக்யூ, எம்எஸ்ஐக்கு மிஸ்டிக் லைட் என்று ஒவ்வொரு பிராண்டுக்கும் லைட்டை ஆட்டிவைக்க ஒரு மென்பொருள். இவற்றுக்குப் பதிலாக, பல பிராண்டு லைட்டையும் ஒரே இடத்தில் கட்டுப்படுத்தும் இலவச மென்பொருளான ஓப்பன்ஆர்ஜிபியை நிறுவுகிறவர்கள் பழையவற்றை நீக்காமலே விட்டுவிடுகிறார்கள். ரேமும் பல போர்டுகளின் லைட் கன்ட்ரோலரும் எஸ்எம்பஸ் என்ற மெதுவான ஒற்றைப் பாதையில் இருக்கின்றன. இரண்டு மென்பொருள் ஒரே நேரத்தில் அதில் எழுதினால் கட்டளைகள் மோதும். ஒரு ரேம் குச்சி மட்டும் சிவப்பில் உறைந்து நிற்பது, லைட் துடிப்பது எல்லாம் பெரும்பாலும் இதனால்தான். ரேமின் அடையாளத் தகவல் இருக்கும் எஸ்பிடி சிப்பும் அதே பாதையில்தான் உண்டு. அதில் தவறாக எழுதப்பட்டால் லைட்டோடு போகாது, ரேமே கெடலாம்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஐகானை மூடினால் போதாது. பின்னணியில் சர்வீஸ் ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்மரி கிரேட்டை ஆசஸ் தரும் தனி அன்இன்ஸ்டால் கருவியால் நீக்கி, சர்வீசஸ் பட்டியலில் ‘லைட்டிங் சர்வீஸ்’ மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். கூலர் பம்ப்பின் வேகத்துக்காக ஐக்யூ வேண்டியிருந்தால் வைத்துக்கொள்ளலாம், வேறு வைத்துவிட வேண்டும்: ஓப்பன்ஆர்ஜிபியின் செட்டிங்ஸில் ஆதரிக்கும் கருவிகள் பட்டியலுக்குப் போய் அந்தக் கூலரின் டிக்கை எடுத்துவிடுங்கள். இதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான சிக்னல்ஆர்ஜிபியையும் ஓப்பன்ஆர்ஜிபியையும் ஒரே கருவிமேல் ஏவுவதும் இதே தவறுதான்.

உறைந்த லைட் ரீஸ்டார்ட்டுக்கு மசியாது. கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளை 5 வோல்ட் ஸ்டாண்ட்பை தந்துகொண்டிருப்பதால் கன்ட்ரோலர் தூங்குவதே இல்லை. ஷட் டவுன் செய்து, அந்தப் பவர் சப்ளையின் (எஸ்எம்பிஎஸ்) பின்னால் உள்ள சுவிட்சை அணைத்து, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். யூபிஎஸ் இருக்கும் வீட்டில் கரண்ட் போனாலும் இந்த மிச்ச மின்சாரம் போகாது என்பதை நினைவில் வையுங்கள்.

காசைக் கரைக்கும் தவறு ஹெட்டரில், அதாவது லைட் ஒயரைச் சொருக போர்டில் உள்ள பின் வரிசையில் நடக்கிறது. நான்கு பின் உள்ளது 12 வோல்ட், எல்லா எல்இடிக்கும் ஒரே நிறம். மூன்று பின் உள்ளது (ஒரு பின் இடம் காலி) 5 வோல்ட் ஏஆர்ஜிபி, ஒவ்வொரு எல்இடிக்கும் தனி நிறம். 5 வோல்ட் ஸ்ட்ரிப்பை 12 வோல்ட்டில் சொருகினால் நொடியில் கருகும். போர்டில் அச்சிட்டதை டார்ச் அடித்துப் படித்த பிறகே சொருகுங்கள். அழுத்தினால்தான் போகும் என்றால் அது அந்த இடம் இல்லை.

கனெக்‌ஷன் சரி, மென்பொருளும் ஹெட்டரைக் காட்டுகிறது, ஆனால் லைட் எரியவில்லையா? பாகம் போய்விட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஏஆர்ஜிபி ஹெட்டரில் எத்தனை எல்இடி தொங்குகிறது என்று போர்டுக்குத் தெரியாது. ஓப்பன்ஆர்ஜிபியில் அந்த ஹெட்டருக்கான ஸோனைத் தேர்ந்தெடுத்து ‘ரீசைஸ்’ அழுத்தி எண்ணிக்கையை நீங்கள்தான் தர வேண்டும். ஒன்றன் பின் ஒன்றாகச் சங்கிலியாக மாட்டிய 8 எல்இடி ஃபேன் மூன்று என்றால் 24. ஸ்ப்ளிட்டரில் பிரித்து மாட்டியிருந்தால் மூன்றுக்கும் ஒரே சிக்னல்தான் போகும், 8 போதும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் ‘முதல் ஃபேன் மட்டும் எரிகிறது’ என்ற புலம்பல் வருகிறது.

இதே இடத்தில் ஆம்பியரையும் கணக்குப் பாருங்கள். ஒரு எல்இடி முழு வெள்ளையில் 50 முதல் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கலாம். பல போர்டுகளில் ஒரு ஹெட்டருக்கு 3 ஆம்பியர்தான் வரம்பு. உங்கள் போர்டின் மேனுவலில் சரியான எண் இருக்கும். நிறைய ஃபேன் என்றால் சாட்டா பவரில் ஓடும் ஹப் வாங்குங்கள், ஹெட்டர் சிக்னலை மட்டும் தரட்டும்.

விண்டோஸில் ஓப்பன்ஆர்ஜிபியை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காவிட்டால் எஸ்எம்பஸ் கருவிகள் பட்டியலில் வராது. பழைய பதிப்புகள் நம்பியிருந்த வின்ரிங்0 டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2025-இல் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் அதைத் தடுக்கத் தொடங்கியது. அதற்காக டிஃபெண்டரை அணைக்காதீர்கள். பான்ஐஓ டிரைவருக்கு மாறிவிட்ட புதிய பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஐ2சி மாட்யூலும் யூடெவ் விதிகளும் இல்லாமல் ரேம் தெரியாது.

ஒரே நிறக் குறியீட்டைக் கொடுத்தால் எல்லாப் பாகமும் ஒரே நிறத்தில் எரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். எல்இடியும் அதன் மேல் ஒளியைப் பரப்பும் மூடியான டிஃப்யூசரும் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். வெள்ளையில் பளிச்சென்று தெரியும்: ரேம் நீலம் பாயும், ஃபேன் மஞ்சளிக்கும். முட்டைவெள்ளைப் பூச்சுச் சுவரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உறுத்தத்தான் செய்யும். நீலம் தூக்கலாக இருக்கும் கருவியில் நீலத்தை 255-இலிருந்து 200 வரை மெல்ல இறக்கி, கண்ணால் ஒத்துப் பாருங்கள். பிடித்ததும் புரொஃபைலாகச் சேமித்து, லாகின் ஆனதும் அதுவே ஏறும்படி ஆட்டோ ஸ்டார்ட் வையுங்கள். பல கருவிகள் நிறத்தைத் தங்கள் நினைவில் வைப்பதில்லை, கரண்ட் போய் வந்தால் வானவில்லுக்கே திரும்பிவிடும்.