புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும்: கதவுப் பூட்டு பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வெளிநாட்டுக்கு வந்து, வீடு தேடி அலைந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கியதும் எல்லோரும் பெட்டிகளைப் பிரிக்கத்தான் பார்ப்போம். அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. இதே சாவி இன்னும் யார் யாரிடம் இருக்கிறது? முன்பு குடியிருந்தவர், அவரோடு சில மாதம் தங்கிப் போன நண்பர், வீடு துடைக்க வந்தவர், குழாய் ரிப்பேர் பார்த்தவர், வீட்டுத் தரகர் என்று யாரிடம் வேண்டுமானாலும் ஒரு பிரதி கிடக்கலாம். அவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கட்டும், அந்தச் சாவி இப்போது யார் கையில் இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம் இல்லையா?

என்னைக் கேட்டால் வரிசை இதுதான்: முதலில் சாவி யாரிடம் இருக்கிறது, அடுத்து கதவும் அதைத் தாங்கும் நிலைச் சட்டமும் எவ்வளவு உறுதி, அதற்கப்புறம்தான் பூட்டின் தரம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், கடையில் இருப்பதிலேயே விலை கூடிய பூட்டை வாங்கி ஆட்டம் கண்ட நிலைச் சட்டமுள்ள கதவில் மாட்டுகிறார்கள்.

சாவிப் பிரச்சினையைத் தீர்க்க முழுப் பூட்டையும் கழற்றிப் போட வேண்டியதில்லை. சாவி நுழைகிற உருளைப் பகுதிக்கு சிலிண்டர் என்று பெயர், பெரும்பாலான வீட்டுப் பூட்டுகளில் அதற்குள் சின்னச் சின்ன பின்கள் இருக்கும். அமெரிக்கா, கனடா போன்ற இடங்களில் அந்தப் பின்களை மட்டும் மாற்றி அடுக்கிப் புதுச் சாவிக்குப் பொருத்துவார்கள், இதை ரீகீ என்பார்கள். பூட்டு அதேதான், பழைய சாவி மட்டும் இனி திறக்காது. முன் கதவு, பின் கதவு, கராஜிலிருந்து உள்ளே வரும் கதவு, இவை மூன்றின் பூட்டுகளும் ஒரே வகையாக இருந்தால் ஒரே சாவிக்குப் பொருந்தும்படி செய்து தரச் சொல்லிக் கேட்கலாம். பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் யூரோ சிலிண்டர் என்ற வகை அதிகம், அங்கே சிலிண்டரையே மாற்றிவிடுவது எளிது. கதவைத் திறந்து வைத்து அதன் விளிம்பைப் பாருங்கள், பூட்டுத் தகட்டில் சிலிண்டரின் உயரத்திலேயே ஒரு நீளமான ஸ்க்ரூ தெரியும். அதைக் கழற்றிவிட்டு, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பினால் சிலிண்டர் ஒரு கோணத்தில் தளர்ந்து வெளியே வந்துவிடும். புதிதாக வாங்கும்போது அளவுதான் முக்கியம். அந்த ஸ்க்ரூ துளையின் நடுவிலிருந்து உள்பக்க முனை வரை எத்தனை மில்லிமீட்டர், வெளிப்பக்க முனை வரை எத்தனை என்று தனித்தனியாக அளக்க வேண்டும். 35-45 என்று பெட்டியில் போட்டிருப்பது அதைத்தான். வெளிப்பக்கம் கைப்பிடித் தகட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டிக்கொண்டிருந்தால் திருடன் அதைக் கருவியால் பிடித்து ஒடித்துவிடுவான், நடுவிலுள்ள ஸ்க்ரூ துளைதான் சிலிண்டரின் பலவீனமான இடம், அங்கேதான் முறியும்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதையும் கழற்றாதீர்கள். மெசேஜிலோ ஈமெயிலிலோ எழுத்தில் கேளுங்கள், அனுமதியும் எழுத்தில் இருக்கட்டும். பழைய குடித்தனக்காரர் போனபின் பூட்டு மாற்றப்பட்டதா என்று கேட்பதில் தவறே இல்லை, சில இடங்களில் அது வீட்டுக்காரரின் கடமையாகவே சட்டத்தில் இருக்கிறது. நீங்களே மாற்றினால் ஒரு சாவி அவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். கழற்றிய பழைய சிலிண்டரையும் அதன் சாவிகளையும் ஒரு உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருங்கள், காலி செய்யும் நாளில் அதையே திரும்ப மாட்டிவிட்டுப் புதியதை உங்களோடு எடுத்துப் போகலாம்.

அடுத்தது நிலை. கதவை உதைத்துத் திறக்கும்போது பெரும்பாலும் உடைவது பூட்டு இல்லை, பூட்டின் நாக்கு போய் நுழையும் இடத்திலுள்ள மரம்தான். அங்கே ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும், அதை ஸ்ட்ரைக் பிளேட் என்பார்கள். மரக் கட்டுமான வீடுகளில் அதன் ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள், விரல் நுனி நீளம்தான் இருக்கும், மெல்லிய நிலைப் பலகையைத் தாண்டி உள்ளே போகவே போகாது. அதற்குப் பதிலாக 3 அங்குல ஸ்க்ரூ போட்டால் பலகையைக் கடந்து சுவரின் உள்ளே நிற்கும் தூண் மரத்தில் போய்ப் பிடிக்கும். கனமான, பெரிய ஸ்ட்ரைக் பிளேட்டாகவும் மாற்றினால் இன்னும் நல்லது. கீல்களிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்க்ரூவையாவது நீளமானதாக மாற்றுங்கள். இத்தனைக்கும் தேவை ஒரு ஸ்க்ரூ டிரைவரும் அரை மணி நேரமும்தான், இதைவிட மலிவான பாதுகாப்பு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் கீலின் அச்சு ஊசி வெளியே தெரியும், அதை உருவிக் கதவைக் கழற்றிவிட முடியும், அதற்கென்று ஊசி வெளிவராத கீல்கள் கிடைக்கின்றன. கதவு உள்ளே வெறும் அட்டைக் கூடாக இருக்கும் வகை என்றால் பூட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை, வெளிக்கதவு கெட்டியான மரமோ இரும்போ உறுதியான கலவைப் பொருளோ ஆக இருக்க வேண்டும்.

சரி, பூட்டுக்கு வருவோம். தொங்குபூட்டும் தாழ்ப்பாளும் பழகிய கண்ணுக்கு இந்தக் கதவுகள் முதலில் குழப்பம்தான். கைப்பிடியோடு சேர்ந்து வரும் சாய்ந்த நாக்கு, கதவைச் சாத்தினால் தானே விழுந்துகொள்ளும், அது கதவு காற்றில் திறக்காமல் இருக்கத்தான், பூட்டு என்று அதை நம்பக் கூடாது. இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் அட்டையை நுழைத்தே பல நேரம் அதைத் தள்ளிவிடலாம். சாவியையோ, உள்பக்கம் விரலால் திருப்பும் குமிழான திருகியையோ திருப்பினால் மட்டும் நீளும் சதுர நாக்குதான் டெட்போல்ட். அது நிலைக்குள் குறைந்தது 1 அங்குலம் போக வேண்டும். சிலர் வருடக்கணக்காகக் கதவைச் சாத்திவிட்டு மட்டும் வேலைக்குப் போகிறார்கள், பூட்டிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு. பிரிட்டனில் பிளாஸ்டிக் சட்டக் கதவுகளிலும் இதே சிக்கல் உண்டு. கைப்பிடியை மேலே தூக்கினால் கதவின் விளிம்பு நெடுக உள்ள கொக்கிகள் பல இடங்களில் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதன்பின் சாவியைத் திருப்பினால்தான் பூட்டியதாகக் கணக்கு.

தர அடையாளங்களில் ஒரு பொறி இருக்கிறது, கவனமாக இருங்கள். வட அமெரிக்காவில் ஆன்சி என்ற அமெரிக்கத் தர அமைப்பின் பெயரில் தரம் 1, 2, 3 என்று போட்டிருப்பார்கள், அங்கே 1 தான் உயர்ந்தது, 3 அடிமட்டம். பிரிட்டனில் யூரோ சிலிண்டருக்கு டி.எஸ். 007 என்ற தரத்தில் நட்சத்திரம் போடுவார்கள், அங்கே 3 நட்சத்திரம் உயர்ந்தது. 3 நட்சத்திர சிலிண்டர் ஒன்றே போதும், அல்லது 1 நட்சத்திர சிலிண்டரும் 2 நட்சத்திரக் கைப்பிடியும் சேர்ந்தால் அதே மதிப்பு. மரக் கதவுக்குள் பொதிந்து வைக்கும் பூட்டாக இருந்தால் பி.எஸ். 3621 என்ற பிரிட்டிஷ் தர எண் பூட்டின் முகப்புத் தகட்டில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், பிரிட்டனில் வீட்டுக் காப்பீட்டுப் படிவங்களில் இந்த எண்ணைக் கேட்பது சகஜம். தெரியாமல் ஆம் என்று டிக் போட்டுவிட்டால் பிறகு திருட்டு நடந்து இழப்பீடு கேட்கும்போது அதுவே தடையாகலாம். ஐரோப்பாவில் கதவு, சட்டம், பூட்டு எல்லாவற்றையும் ஒன்றாகச் சோதித்து ஆர்.சி. 1 முதல் 6 வரை தரம் கொடுக்கிறார்கள், எண் கூடக் கூட உறுதி அதிகம், வீடுகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பது ஆர்.சி. 2. பூட்டை மட்டும் தனியாகப் பார்க்காத இந்த முறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அமெரிக்க வகை டெட்போல்ட் வாங்கப் போகும் முன் கதவின் விளிம்பிலிருந்து பூட்டுக்காகக் கதவில் போட்டிருக்கும் துளையின் நடுவரை அளந்துகொள்ளுங்கள், அது பெரும்பாலும் 2⅜ அங்குலம் அல்லது 2¾ அங்குலமாக இருக்கும். துளையின் அகலம் வழக்கமாக 2⅛ அங்குலம். கதவின் கனத்தையும் குறித்துக்கொண்டு போனால் கடையில் திகைத்து நிற்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். உள்ளே இருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டை, எல்லோரும் தூங்கும் வீட்டின் வெளியேறும் கதவில் வைக்காதீர்கள். இரவில் தீப்பிடித்துப் புகை சூழ்ந்தால் சாவியைத் தேட நேரம் இருக்காது. கதவில் கண்ணாடி இருக்கிறது, உடைத்துக் கைவிட்டுத் திருகியைத் திருப்பிவிடுவான் என்று பயந்துதான் பலர் அப்படி வைக்கிறார்கள். அந்தப் பயம் நியாயம்தான், ஆனால் அதற்கு வழி கண்ணாடிக்குக் கனமான பாதுகாப்புப் பிலிம் ஒட்டுவதோ கெட்டிக் கண்ணாடி போடுவதோ தான். பிரிட்டனில் உள்ளே திருகி உள்ள பூட்டுக்கென்றே பி.எஸ். 8621 என்று தனித் தரம் இருக்கிறது. ஒரு வீட்டை நாலைந்து பேர் பகிர்ந்துகொண்டு அறைக்கு அறை பூட்டுப் போட்டிருக்கும் இடத்தில் இருக்கிறீர்களா? உங்கள் அறைக் கதவும் உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும். வெளியே தொங்குபூட்டுக்காக அடிக்கும் கொண்டியை அறைக் கதவில் அடிக்காதீர்கள், நீங்கள் உள்ளே இருக்கும்போது யாராவது வெளியிலிருந்து போட்டுவிட்டால் என்ன ஆகும்? அடுக்குமாடி வீட்டின் நுழைவுக் கதவு பல நேரம் தீத்தடுப்புக் கதவாக இருக்கும், அதில் புதுத் துளை போட்டால் அந்தத் தடுப்பே கெட்டுவிடும், நிர்வாகத்திடம் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

யூரோ சிலிண்டரில் இன்னொன்று. சாதாரண வகையில் உள்பக்கம் சாவி மாட்டியிருந்தால் வெளியிலிருந்து உங்கள் சாவி வேலை செய்யாது. பெற்றோர் வந்து தங்கியிருக்கும்போது இதை நினைவில் வையுங்கள், அவர்கள் உள்ளே சாவியை விட்டுப் பூட்டிவிட்டு மயங்கி விழுந்துவிட்டால் உங்களால் உள்ளே போக முடியாது. அவசரத் திறப்பு வசதி உள்ள சிலிண்டர் என்று கேட்டால் இருபக்கமும் திறக்கக்கூடியது தருவார்கள், அல்லது உள்ளே திருகி உள்ளதாக வாங்குங்கள். தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு பற்றியும் அவர்களுக்கு முதல் நாளே காட்டிக்கொடுங்கள், குப்பை போட வெளியே வந்து கதவு விழுந்து, போனும் உள்ளே, குளிரில் மெல்லிய சட்டையோடு நிற்கிற நிலை நிறையப் பேருக்கு வந்திருக்கிறது.

ஸ்மார்ட் பூட்டு வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேலை நேரம் மாறி மாறி வருபவர்கள், பள்ளி முடிந்து தனியாக வீடு வரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது உண்மையாகவே உதவும். ஆளுக்கொரு எண் கொடுக்கலாம், போனவருடைய எண்ணை அழித்துவிடலாம், சாவி யாரிடம் என்ற முதல் கேள்விக்கு அதுவே பதில். ஆனால் மோட்டார் தள்ளுவது அதே நாக்கைத்தான், நாக்கு பலமில்லாததாக இருந்தால் மேலே என்ன மின்னணு வைத்தும் பயனில்லை. பல மாடல்கள் நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும். நாக்கு நிலைத் தகட்டில் உரசினால் மோட்டார் திணறிப் பேட்டரி சீக்கிரம் தீரும், அதனால் மாட்டுவதற்கு முன் கதவைத் தள்ளாமல் இழுக்காமல் கையால் நாக்கு சுலபமாக நகர்கிறதா என்று பாருங்கள். சாதாரண சாவித் துளையும் உள்ள மாடலாக வாங்கி, ஒரு சாவியை நம்பிக்கையான நண்பர் வீட்டில் வையுங்கள். வாடகை வீட்டுக்கு வெளிப்பக்கத்தைத் தொடாமல் உள்பக்கத் திருகியின் மேல் மட்டும் மாட்டும் வகை ஏற்றது.

புது வீட்டுச் சாவியைக் கையில் பிடித்துப் படம் எடுத்துப் போடும் ஆசை புரிகிறது. தயவுசெய்து சாவியின் பற்கள் தெரியும்படி போடாதீர்கள். படத்திலிருந்தே சாவி வெட்ட முடியும், 2008-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துடைய சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து எடுத்த படத்தை வைத்தே அதைச் செய்து காட்டினார்கள்.

ஜெர்மனி போன்ற இடங்களில் அடுக்குமாடிக் கட்டடம் முழுவதற்கும் ஒரே பூட்டுத் தொகுதி இருக்கும், உங்கள் சாவியே கீழ்க் கதவையும் திறக்கும். அதைத் தொலைத்தால் மொத்தக் கட்டடத்தின் சிலிண்டர்களையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழலாம். தனிநபர் பொறுப்புக் காப்பீடு எடுக்கும்போது அதில் வாடகை வீட்டுச் சாவி தொலைவதும் அடங்குமா என்று கேட்டு எடுங்கள். அப்புறம், பூட்டுத் திறப்பவர் ஒருவரின் எண்ணை வந்த வாரத்திலேயே விசாரித்துப் போனில் சேமித்து, பக்கத்து வீட்டுக்காரரிடமும் கொடுத்து வையுங்கள். நள்ளிரவில் இணையத்தில் தேடி முதலில் வருகிற எண்ணை அழைத்தால், போனில் சின்னத் தொகை சொல்லி, வந்ததும் துளைத்துத்தான் ஆக வேண்டும் என்று பல மடங்கு வாங்குபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வெறுமனே சாத்திக்கொண்ட கதவைத் திறக்கத் துளைக்க வேண்டிய அவசியம் மிக அரிது. மொத்தத் தொகை எவ்வளவு என்று முன்பே கேளுங்கள், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், துளைக்கும் கருவியை முதலிலேயே எடுத்தால் நிறுத்தச் சொல்லிவிட்டு வேறு ஆளை அழையுங்கள்.