கூடு விட்டுக் கூடு பாயும் த்ரில்லர் எழுதுவது எப்படி?

மனதை வேறொரு உடலுக்கு மாற்றும் கதையை எழுதி முடிக்க எனக்கு நான்கு வருடம் ஆனது. முதல் வரைவு மொத்தத்தையும் தூக்கிப் போட்டேன். மாற்றம் எப்படி நடக்கிறது என்று முடிவு செய்யாமலே ஆரம்பித்ததுதான் காரணம். விறுவிறுப்பு இருந்தால் போதும், விளக்கம் எதற்கு என்று அப்போது நினைத்திருந்தேன். அந்த விறுவிறுப்பே இந்த முடிவிலிருந்துதான் பிறக்கிறது. அதனால் முதல் வரி எழுதும் முன் இதைத் தீர்மானியுங்கள்: மூளையையே எடுத்து வைக்கப்போகிறீர்களா, மூளையில் இருப்பதைப் படித்து இன்னொரு மூளையில் எழுதப்போகிறீர்களா?

மூளையையே எடுத்து வைப்பதென்றால், 1970-ல் ராபர்ட் ஒயிட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் செய்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு குரங்கின் தலையை இன்னொரு குரங்கின் உடலில் பொருத்தினார். கண் விழித்தது, கடிக்கவும் பார்த்தது. ஆனால் தண்டுவடத்தை இணைக்க முடியாததால் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. சில நாட்களில் இறந்துவிட்டது. உங்கள் கதையில் தண்டுவடம் இணைந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், நோய் எதிர்ப்பு சக்தி புதிதாக வந்ததை அந்நியமாகப் பார்த்துத் தாக்கும். அதை அடக்க நாயகன் ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டும். துரத்தலின் நடுவே அந்த மாத்திரை டப்பா தொலைந்தால் கதைக்குக் கெடு கிடைத்துவிடும். தனியாக வெடிகுண்டு எதுவும் தேவையில்லை.

படித்து எழுதுவது இன்னும் வளமான வழி. ஒரு பழ ஈயின் முழு மூளை இணைப்பு வரைபடம் 2024-ல் வெளியானது. அதில் சுமார் 1.4 லட்சம் நியூரான்கள். அதற்காக அந்த மூளையை ஏறக்குறைய 7,000 மெல்லிய சீவல்களாக வெட்டிப் படமெடுத்திருந்தார்கள். மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி நியூரான்கள். எண்ணிக்கையை விட எனக்கு அந்த வெட்டுதான் முக்கியமாகப் பட்டது. படிக்க வேண்டுமென்றால் அறுத்தாக வேண்டும், அறுத்தால் அசல் ஆள் செத்துவிடுவார். அறுக்காமல் படிக்க முடியுமென்றால் ஒரே ஆள் இரண்டு பேராக நடமாடுவார். என் கதையில் அறுத்தே ஆக வேண்டும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். மாற்றத்தைச் செய்யும் ஆய்வகத்துக்கு மட்டும் உண்மை தெரியும்.

சரி, புது உடலுக்கு வருவோம். இங்கேதான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள், நானும் அவசரப்பட்டேன். என் நாயகி கண் விழித்த மூன்றாம் பக்கத்திலேயே மாடிப்படி இறங்கி ஓடினாள். வரைவைப் படித்த பிசியோதெரபிஸ்ட் தோழி, "இவளால எழுந்து நிக்கவே முடியாதேப்பா" என்றாள். கை எவ்வளவு நீளம், கால் எங்கே இருக்கிறது என்ற கணக்கு மூளைக்குள் பதிந்திருக்கிறது. அந்தக் கணக்கு பழைய உடலுக்கானது. இப்போது அந்தக் காட்சியில் அவள் தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டுகிறாள். விரல்கள் இரண்டு அங்குலம் முன்னாலேயே மூடிக்கொள்கின்றன. மறுபடி நீட்டும்போது புறங்கை பட்டு டம்ளர் கவிழ்கிறது. "ஐயோ" என்கிறாள், அந்தக் குரல் அவளுடையது இல்லை. அறையின் மறுபக்கம் யாரோ குறிப்பெடுக்கும் சத்தம் கேட்கிறது. ஓட்டத்தை விட இந்தப் பக்கம் பயமாக வந்தது.

அப்புறம், அந்த உடலுக்கு முன்பு சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். அவரை மறக்காதீர்கள். 1953-ல் வலிப்புக்காக அறுவை செய்துகொண்ட ஹென்றி மொலைசனுக்கு அதன் பிறகு புது நினைவுகள் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவருடைய கை நாளுக்கு நாள் தேறியது. பயிற்சி செய்ததே அவருக்கு நினைவில்லை. அதாவது சம்பவ நினைவும் கைப்பழக்கமும் மூளையில் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. உங்கள் எந்திரம் சம்பவ நினைவை மட்டும் மாற்றி எழுதுகிறது என்று வையுங்கள். அப்போது டம்ளர் தடுமாற்றம் இருக்காது, அந்த உடலின் பழைய பழக்கங்கள் அப்படியே இருக்கும். நீச்சலே தெரியாத நாயகியை ஆற்றில் தள்ளுகிறார்கள், உடல் பாட்டுக்கு நீந்துகிறது. சிகரெட்டைத் தொடாதவளுக்கு அதன் மேல் ஏக்கம் வருகிறது. முன்பு இந்த உடலில் இருந்தது யார் என்ற துப்பறிதல் அங்கிருந்தே ஆரம்பமாகிவிடும். மூளையையே மாற்றும் வழியில் இந்தத் துப்புகள் கிடைக்காது, அதையும் கவனியுங்கள்.

கடைசியாக, தமிழில் எழுதுகிறவர்களுக்கு வாய்க்கும் ஒன்று. நம் வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆணின் மனம் பெண்ணுடலில் இருந்தால் "வந்தான்" என்பதா, "வந்தாள்" என்பதா? கதைசொல்லிக்கு ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசி வரை மாற்றாதீர்கள். விஷயம் தெரியாத பாத்திரங்கள் எல்லாம் "அவள்" என்றே பேசட்டும். யாரோ ஒருவர் மட்டும் எங்கோ ஓரிடத்தில் "அவன் எங்கே போனான்?" என்று வாய் தவறிக் கேட்கட்டும். அவருக்கு எல்லாம் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த வரியைத் தனிப் பத்தியாகப் போடாமல், நீண்ட உரையாடல் ஒன்றின் நடுவில் விட்டுவிட்டு மேலே போங்கள்.