கப்பல் பிரைமரைக் காருக்கு அடிப்பதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஜீப்பையோ அம்பாசடரையோ வாங்கிப் பிரித்துப்போட்டு, தன் விருப்பப்படி மறுபடியும் கட்டுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் கப்பலையே காப்பாற்றுகிற பிரைமர் என்ற அடிப்பூச்சு, தார்ச்சாலையில் ஓடும் வண்டியைக் காப்பாற்றாதா என்பதுதான் அது. போதாக்குறைக்கு அந்தச் சாம்பல் நிறமும் பளபளப்பில்லாத முரட்டுத் தோற்றமும் பலருக்குப் பிடித்துப்போகிறது. ஆகவே இரண்டு கோட் அடித்துவிட்டு, அதையே பெயிண்ட் என்று வைத்துக்கொண்டு வண்டியை வெளியே எடுத்துவிடுகிறார்கள்.

நம்பிக்கையில் பாதி சரி. கப்பலுக்கு அடிக்கும் நல்ல எபாக்சி பிரைமர், அதாவது எபாக்சி என்ற செயற்கைப் பிசினால் ஆனது, துருவைத் தடுப்பதில் சாதாரண ரெட் ஆக்சைடைவிடப் பல மடங்கு மேல். மீதிப் பாதிதான் வண்டியைக் கெடுக்கிறது. கப்பலைக் காப்பது ஒரு டப்பா பிரைமர் அல்ல. சுத்தம் செய்த இரும்பு, அதற்குப் பொருந்திய பிரைமர், நடுப்பூச்சு, மேல்பூச்சு, தண்ணீருக்குள் இரும்புக்குப் பதிலாகத் தாமே அரிபடும் துத்தநாகக் கட்டிகள், குறித்த காலத்தில் உலர்துறையில் ஏற்றிப் பழுதுபார்ப்பது என எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பாதுகாப்பு. அதிலிருந்து ஒன்றை மட்டும் உருவி எடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கலாம்.

பிரைமரையே மேல்பூச்சாக விட்டுவிடுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. எபாக்சிக்கு வெயில் ஆகாது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களை அந்தப் பிசின் உறிஞ்சிக்கொண்டு மேற்பரப்பிலிருந்து சிதையத் தொடங்கும். பிசின் போனதும் அதற்குள் இருந்த நிறமிப் பொடி தனியாக நின்றுவிடும். வெயிலில் சில மாதங்கள் நின்ற வண்டியின் பானட்டில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையைத் துடைத்த கைபோல வெளுத்துவிடும். ஒவ்வொரு மழையும் அந்தப் பொடியைக் கழுவிக்கொண்டு போகும். பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக மெலியும்.

கப்பலில் இந்தச் சிக்கல் எப்படி வராமல் இருக்கிறது? நீர்மட்டத்துக்குக் கீழே வெயில் அவ்வளவாக எட்டுவதில்லை. மேலே, வெயில் படும் பகுதிகளில் எபாக்சியின்மீது பாலியூரித்தேன் போன்ற மேல்பூச்சு ஏறியிருக்கும். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2006இல் கப்பல்கள் சாயாமல் நிற்கக் கடல்நீர் நிரப்பும் எதிர்எடைத் தொட்டிகளுக்கு ஒரு பூச்சுத் தரம் வகுத்தது. 320 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனில் எபாக்சி, 15 ஆண்டுகள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. கப்பல் பிரைமர் 'பதினைந்து ஆண்டு தாங்கும்' என்று யாராவது சொன்னால், அதற்கு அடிப்படை இதுபோன்ற கணக்காகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தொட்டிக்குள் இருட்டு! வெயிலையே காணாத பூச்சின் ஆயுளை மதிய வெயிலில் நிற்கும் பானட்டுக்கு எடுத்துவைத்துப் பேசுவதில் பொருளில்லை.

சாம்பல் நிற மங்கல் தோற்றம்தான் வேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது. பிரைமருக்கு மேல் அதே நிறத்தில் மேட் பாலியூரித்தேன் அடிக்கலாம். இல்லாவிட்டால் நிறப்பூச்சு அடித்து மேட் கிளியர் கோட் போடலாம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. செலவு கூடும், உண்மைதான். ஆனால் ஓரிரண்டு ஆண்டில் முழுவதையும் சுரண்டி எடுக்கும் கூலியைவிடக் குறைவு.

'மரைன்' என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றே என்று வாங்குவது

துறைமுகப் பக்கத்துக் கடைகளில் ஒரே அலமாரியில் நாலைந்து வகை இருக்கும். அவற்றில் காருக்கு ஆவது ஒன்றிரண்டுதான்.

அதிகம் ஏமாற்றுவது துத்தநாகம் செறிந்த பிரைமர். 'ஜிங்க்' என்ற பெயரே கல்வனைஸ் செய்த, அதாவது துத்தநாக முலாம் பூசியதுபோன்ற தெம்பைக் கொடுத்துவிடுகிறது. அது வேலை செய்யும் விதம் வேறு. பூச்சுக்குள் இருக்கும் துத்தநாகத் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு, வெற்று இரும்பையும் தொட்டிருக்க வேண்டும். அப்போதுதான் இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் அரிக்கப்பட்டு இரும்பு பிழைக்கும். பழைய பெயிண்டின்மீதோ பள்ளத்தை நிரப்பும் பட்டியின்மீதோ அடித்தால் இந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. அதன் பிறகு அது விலை உயர்ந்த சாம்பல் பொடி, அவ்வளவே. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மழமழப்பான தகடும் இதற்குப் போதாது. பெரும்பாலான வகைகளுக்கு பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8501 'எஸ்ஏ 2½' என்று சொல்கிற சுத்தத்துக்கு பிளாஸ்டிங் செய்த, அதாவது துகள்களை வேகமாக அடித்துச் சுரண்டிய, சொரசொரப்பான இரும்பு வேண்டும். கார்க் கதவின் மெல்லிய தகட்டில் அந்த வேகத்தில் பிளாஸ்டிங் செய்தால் தகடு நெளிந்துவிடும். அது போகட்டும், துத்தநாகத்தின்மேல் நேரடியாகச் சாதாரண எனாமலை அடித்தால் இடையில் சோப்புப் போன்ற ஒரு படலம் உருவாகி, எனாமல் தகடு தகடாக உரிந்துவரும். என் கருத்தைக் கேட்டால், சேசிஸை முழுக்க பிளாஸ்டிங் செய்கிறவர்களுக்கு மட்டும் ஜிங்க் பிரைமர், பாடிக்கு வேண்டாம்.

ஆன்டிபௌலிங் பெயிண்ட் காருக்கு எக்காலத்திலும் ஆகாது. அதில் இருக்கும் குப்ரஸ் ஆக்சைடு தண்ணீரில் மெல்லக் கசிந்து பாசியையும் கொட்டலசையும் ஒட்டவிடாமல் தடுப்பதற்கானது. சாலையில் அதற்கு வேலையே இல்லை. தேய்க்கும்போது பறக்கும் தூள் நச்சு. பழைய இருப்பு என்று விலை குறைத்துக் கொடுத்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. டிரைபியூட்டைல்டின் என்ற நச்சு கலந்தவை 2008 முதல் பன்னாட்டு உடன்படிக்கையின்படி கப்பல்களுக்கே தடைசெய்யப்பட்டவை.

வண்டிக்கு உதவுவது, பிசினும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரும் தனித்தனியாக வரும் இரண்டு பாக எபாக்சித் துருத்தடுப்பு பிரைமர். கீழ்ப்பக்கத்துக்கும் சேசிஸுக்கும் அலுமினியம் கலந்த எபாக்சி மாஸ்டிக் என்ற தடித்த பூச்சும் நன்றாகப் பயன்படும்.

'துருவின்மேலேயே அடிக்கலாம்' என்பதை அப்படியே நம்புவது

மாஸ்டிக் டப்பாவில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும். கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகும் இரும்போடு இறுக ஒட்டியிருக்கும் மெல்லிய துருவைத்தான் அது குறிக்கிறது. கத்தி முனையால் நெம்பினால் பொருக்காகப் பெயரும் துருவின்மேல் எதை அடித்தாலும், பொருக்கோடு சேர்ந்து அதுவும் வரும்.

கடலோர ஊர் வண்டிகளில் துருவைவிட மோசமான எதிரி கண்ணுக்குத் தெரியாத உப்பு. பூச்சுக்கு அடியில் உப்பு தங்கிவிட்டால் அது ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். சில மாதங்களில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பும். தேய்ப்பதால் உப்பு போகாது. நல்ல தண்ணீரால் அழுத்தமாகக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, அப்புறம்தான் தேய்க்க வேண்டும். கடற்கரை மணலை அள்ளிவந்து பிளாஸ்டிங் செய்வதும் உண்டு. அது உப்பை இரும்புக்குள்ளேயே அடித்து இறக்கும் வேலை. எந்த மணலானாலும் அதன் சிலிக்கா தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும் என்பது தனி.

துருவெடுக்கப் பாஸ்பாரிக் அமிலக் கரைசல் தடவியிருந்தால் அதையும் முழுமையாகக் கழுவ வேண்டும். அமிலம் எஞ்சியிருந்தால் எபாக்சியின் ஹார்ட்னரோடு மோதி, ஒட்டும் இடத்திலேயே பூச்சு சரியாக இறுகாமல் போகும். அமிலம் கலந்த எட்ச் பிரைமரின்மேல் எபாக்சி அடிக்காதீர்கள் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்வதற்கும் இதுவே காரணம்.

கண்ணளவில் கலப்பது, ஈரக்காற்றில் அடிப்பது

பிசின் நான்குக்கு ஹார்ட்னர் ஒன்று என்றால் நான்குக்கு ஒன்றுதான். 'சீக்கிரம் காயட்டும்' என்று ஹார்ட்னரைக் கூட்டினால் பூச்சு கெட்டிப்படாது, கெட்டுப்போகும். கலவை விகிதம் எடையிலா கொள்ளளவிலா என்பதைப் பார்க்காமல் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்ப்ரே கன் கழுவ வைத்திருக்கும் சாதாரண என்.சி. தின்னரை இதில் ஊற்றக் கூடாது. அந்தந்த பிரைமருக்குச் சொல்லப்பட்ட தின்னர் மட்டுமே. கப்பல் பிரைமர் பெரும்பாலும் ஏர்லெஸ் (காற்றில்லாமல் அதிக அழுத்தத்தில் பீய்ச்சும்) இயந்திரத்தில் கெட்டியாக அடிப்பதற்காகச் செய்யப்பட்டது. கார்ப் பட்டறையின் 1.4 மில்லிமீட்டர் கன்னில் அது ஏறாது. ஏற்றுவதற்காகத் தின்னரைக் கொட்டினால் பூச்சு வழியும். மேல்தோல் காய்ந்து உள்ளே தின்னர் சிக்கிக்கொள்ளும். 1.8 அல்லது 2 மில்லிமீட்டர் முனையை மாட்டுவதே சரி.

வானிலையைப் பட்டறைகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கப்பல் பெயிண்டர்களின் அரிச்சுவடி. சென்னையில் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் பனிநிலை 26 டிகிரி. தகடு 29க்குக் கீழே இருந்தால் அடிக்கக் கூடாது. மாலை ஐந்து மணிக்கு மேல் தகரக் கொட்டகைக்குள் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனால், இரவில் தகடு குளிர்ந்து அதன்மேல் ஈரம் இறங்கும்.

மறுநாள் காலையில் பார்த்தால் பூச்சு காய்ந்தமாதிரிதான் தெரியும். விரலால் தடவினால் லேசான பிசுக்கு இருக்கும். சில இடங்களில் வெண்மேகம்போல ஒரு மங்கல் தெரியும். ஹார்ட்னரில் உள்ள அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கிய படலம் அது. அடுத்த கோட் அதன்மேல் ஒட்டாது. இங்கே எல்லோரும் நேராக உப்புத்தாளை எடுத்துவிடுகிறார்கள். தேய்த்தால் அந்தப் பிசுக்கு பரப்பெங்கும் இழுபடும், தாளும் அடைத்துக்கொள்ளும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரும் நாரும் கொண்டு கழுவ வேண்டும். பிசுக்கு தண்ணீரிலேயே கரைந்து போய்விடும். காய்ந்த பிறகு தேய்க்கலாம்.

அடுத்த கோட்டுக்கான கால இடைவெளி டப்பாவோடு வரும் தாளில் இருக்கும். குறைந்தபட்ச நேரத்தைப் பார்க்கிறவர்கள் அதிகபட்ச நேரத்தைப் பார்ப்பதில்லை. அது கடந்துவிட்டால் எபாக்சி முற்றி இறுகிவிடும். தேய்க்காமல் அதன்மேல் அடிக்கும் எதுவும் ஓரிடத்தில் கல் பட்டாலே உரியும்.

மறைக்க மறந்துவிடும் இடங்கள்

எபாக்சி மின்சாரத்தைக் கடத்தாது. பேட்டரியின் எர்த் கம்பி சேசிஸில் பிடிக்கும் இடத்தை டேப் ஒட்டி மறைக்காவிட்டால், பாகங்களை மறுபடி மாட்டிய பிறகு விளக்கு மங்கும், செல்ஃப் எடுக்காது. வயரிங்காரர் ஒரு நாள் முழுக்கத் தேடுவார். சக்கரமும் ஹப்பும் உட்காரும் முகத்தில் தடித்த பூச்சு இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி, இறுக்கிய நட்டு தளரும். இது உயிரோடு விளையாடுவது. சைலன்சரும் எக்ஸாஸ்ட் பைப்பும் எபாக்சி தாங்கும் சூட்டைத் தாண்டியவை. கதவடியில் உள்ள வடிகால் துளைகள் தடித்த பிரைமரால் அடைபட்டால், தடுக்க நினைத்த துரு உள்ளிருந்து கிளம்பும். பெட்டிபோல மூடிய உட்பகுதிகளுக்குக் கன் எட்டாது; அங்கே கேவிட்டி வாக்ஸ் என்ற துருத்தடுப்பு மெழுகைச் செலுத்துவதே வழி.

தடிமனிலும் நிதானம் வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் எல்லாப் பூச்சும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 130 மைக்ரான்தான். கப்பல் கணக்கில் 300 ஏற்றினால் கதவு விளிம்பில் சில்லுச் சில்லாகப் பெயரும்.

உடம்பைப் பற்றி ஒன்று. எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க விடாது. நைட்ரைல் கையுறை கட்டாயம். மேலே அடிக்கும் பாலியூரித்தேனில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். துணி முகக்கவசம் அதற்கு ஒன்றுமே இல்லை. வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகமூடி இல்லாத பட்டறையில் அந்த வேலையைச் செய்யச் சொல்லாதீர்கள்.

மேல்பூச்சின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஜீப்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 121ஆம் விதிப்படி, ராணுவத் துறை வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. வேறு நிறத்துக்கு மாறுவதானால், பெயிண்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதியும் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.